பூட்டுப் படிப்புக்குப் போற பேத்திக்கு

ஏம்மா பேத்தி, முதல் பட்டத்தைக் கண்ணாடி போட்டு முருகன் படத்துக்குப் பக்கத்துல மாட்டி இன்னும் ஆணிகூடத் துருப்பிடிக்கல. அதுக்குள்ள முதுகலைக்குக் கிளம்பிட்டே. அதுவும் சைபர் பாதுகாப்பாம். உன் பாட்டி லயத்துல ஒரு வீடு பாக்கியில்லாம, 'என் பேத்தி களவாணியைப் பிடிக்கிற படிப்புப் படிக்கப் போறா'ன்னு சொல்லி முடிச்சிட்டா. நான் திருத்தல. வெத்தலைக்கடைக்காரன் பாக்கிக் காசைக் கேக்குறதை நிறுத்திட்டான்; வந்த மரியாதையை எதுக்குக் கெடுப்பானேன்?

புத்தி சொல்லுங்க தாத்தான்னு நீ கேக்கல. கேட்டாத்தான் சொல்லணும்னா இந்த மலையில எந்தக் கிழவனும் வாயைத் திறந்திருக்க முடியாது. எனக்குக் கம்ப்யூட்டர் தெரியாது. களவு தெரியும். மண்டோரா இருந்தவன் நான். யார் கூடையில கொழுந்துக்கு அடியில முத்தின இலை கிடக்கு, யார் பெரட்டுல பேர் கொடுத்துட்டு மலைக்கு ஏறாமலே மறைஞ்சாங்க, எல்லாம் பாத்திருக்கேன். பாத்ததுல பாதியைத் துரைகிட்ட சொல்லாம விழுங்கினதாலதான் கோயில் திருவிழாவுல இன்னும் எனக்கு மாலை விழுது. அந்தத் தகுதியில பேசுறேன், கேட்டுக்கோ.

நீ மேசையில விட்டுட்டுப் போன தாளையெல்லாம் உன் அண்ணனை விட்டுப் படிக்கச் சொல்லிக் கேட்டேன். நம்ம மலேசியாவோட சைபர் பாதுகாப்புச் சட்டம் 2024, சட்டம் 854ன்னு ஒண்ணு, ஆகஸ்ட் 26ஆம் தேதி நடப்புக்கு வந்துச்சாம். நாட்டுக்கு உயிர்நாடியான துறைகள்னு அதுல 11 எழுதியிருக்கு. பேங்கு, மின்சாரம், தண்ணி, ஆஸ்பத்திரி, ராணுவம்னு படிச்சுக்கிட்டே வந்தவன், 'விவசாயம், தோட்டத் தொழில்'னான். நான் கட்டில்லேருந்து எழுந்து உக்காந்துட்டேன். 1929ல ரஸ்ஸல் துரை இங்க கேமரன் மலையில 'போ' தேயிலைத் தோட்டத்தை ஆரம்பிச்சதுலேருந்து நம்ம ஜனம் அட்டைக்கும் குளிருக்கும் கால் கொடுத்து இந்தச் சரிவுல நின்னுச்சு. அப்ப யாரும் உயிர்நாடின்னு சொல்லல. இப்ப நம்ம புள்ளைங்க ஈப்போ, கே.எல்., சிங்கப்பூர்னு சடக்கு பிடிச்சு இறங்கிப் போயிட்டாங்க. வங்காளதேசத்துப் பையனும் நேப்பாளத்துப் பையனும் மெஷின் பிடிச்சுக் கொழுந்து வெட்டுறாங்க. ஆள் இறங்கி, ஆபீசுல கம்ப்யூட்டர் ஏறினதும் உயிர்நாடி ஆயிட்டோம் பாத்தியா!

போகட்டும், உனக்கு அதுல லாபம். உயிர்நாடின்னு பேர் குறிச்ச நிறுவனமெல்லாம் வருஷத்துக்கு ஒருதடவை ஆபத்து எங்க இருக்குன்னு மதிப்பிடணுமாம், ரெண்டு வருஷத்துக்கு ஒருதடவை தணிக்கை பண்ணணுமாம், ஏதாவது நடந்துட்டா ஆறு மணி நேரத்துக்குள்ள அரசாங்கத்துக்குத் தகவல் கொடுக்கணுமாம். நம்ம காலத்துல ஒரு கூடை காணாமப் போனா ஆபீசுக்குத் தெரியவே ஆறு நாள் ஆகும். அதுக்குள்ள அந்தக் கூடை வேற பேர்ல வேலைக்கே திரும்பி வந்திருக்கும்.

உன் பாடப் பட்டியல்ல முக்கால்வாசி எனக்குத் தலைகால் புரியல. ஒரு கதை மட்டும் நெஞ்சுல ஒட்டிக்கிச்சு. 1986ல அமெரிக்காவுல லாரன்ஸ் பெர்க்லி ஆய்வுக்கூடம். கிளிஃபர்ட் ஸ்டோல்னு ஒருத்தன், நட்சத்திரம் பாக்குற படிப்புப் படிச்சவன். அந்த வேலைக்குப் பணம் தீர்ந்துபோச்சுன்னு அவனைக் கம்ப்யூட்டர் அறையில கொண்டுபோய் உக்கார வெச்சாங்க. வந்ததும் கணக்குல 75 சென்ட் இடிக்குது. வெள்ளிகூட இல்ல, சென்ட். வேற ஒருத்தனா இருந்தா தன் சட்டைப்பையிலேருந்து எடுத்துப் போட்டுக் கணக்கை முடிச்சிருப்பான். இவன் விடல. யாரோ காசு கட்டாம உள்ள நுழைஞ்சிருக்கான்னு பிடிச்சான். அவன் தட்டுற ஒவ்வொரு எழுத்தையும் அவனுக்குத் தெரியாமலே அச்சடிச்சு எடுத்தான். கடைசியில, இல்லாத ஒரு ராணுவத் திட்டத்தைப் பத்திக் கட்டுக்கட்டாப் பொய்க் கோப்பு எழுதி உள்ள வெச்சான். திருடன் ஆசை ஆசையா அதைப் படிச்சுக்கிட்டு லைன்ல நின்ன நேரத்துல, கம்பியைப் பிடிச்சுக்கிட்டே போனா ஜெர்மனி ஹன்னோவர் வருது. மார்க்குஸ் ஹெஸ்னு ஒரு பையன், எடுத்ததையெல்லாம் சோவியத் உளவாளிகளுக்கு வித்துக்கிட்டிருந்திருக்கான்.

இதைக் கேட்டுட்டு நான் உன் பாட்டியைத் திரும்பிப் பாத்தேன். கூடையை முதுகுலேருந்து இறக்கும்போதே இன்னிக்கு எடை இவ்வளவுன்னு சொல்ற பொம்பளை அவ. எழுத்து வாசனை கிடையாது. கிராணி தண்ணிக் கழிவு, கூடைக் கழிவுன்னு கழிச்சு எழுதுவாரு. மழைக் கொழுந்துக்குத் தண்ணி கழிக்கிறது நியாயம்தான். வானம் வெளுத்துக் கிடந்த மாசத்துலயும் அதே கழிவு விழுந்துச்சு. அவ சத்தம் போடல. இந்தப் பக்கம் ஒருத்தி, அந்தப் பக்கம் ஒருத்தி, 'உன் முதுகு என்ன சொல்லுதுன்னு ஞாபகம் வெச்சுக்கடி'ன்னா. சம்பளத்தன்னிக்கு மூணு பேரும் ஒரே கணக்கைச் சொன்னாங்க. அடுத்த மாசம் கிராணி வேற தோட்டத்துக்கு மாறிப் போயிட்டாரு. பெர்க்லி ஆய்வுக்கூடத்துல ஸ்டோல் பாத்ததும் இதே வேலைதானே? எழுதினது ஒண்ணு, நடந்தது ஒண்ணு. ரெண்டுக்கும் நடுவுல சின்னதா ஒரு இடிப்பு. அது இடிச்சா ராத்திரி தூக்கம் வராத புத்தி உனக்கு இருக்கான்னு பாத்துக்கோ. இல்லேன்னா நீ கட்டப் போற ஃபீஸுக்கு நாலு மாடு வாங்கிடலாம்.

பதிவு இல்லாத ஊர்ல துப்பும் இல்ல. நம்ம தானா ராத்தாவையே எடுத்துக்கோ. 1967 மார்ச் 26ஆம் தேதி, மூன்லைட் பங்களாவுலேருந்து ஜிம் தாம்சன் மத்தியானம் வெளியே நடந்து போனாரு. தாய்லாந்துப் பட்டு வியாபாரி, அதுக்கு முன்னால அமெரிக்க உளவு வேலை பாத்தவர். போலீஸ், பட்டாளம், காடு அறிஞ்ச ஒராங் அஸ்லி ஆளுங்க எல்லாரும் தேடினாங்க. ஒரு பொத்தான்கூடக் கிடைக்கல. இன்னிக்கும் டூரிஸ்ட்டு வந்தா ஆளுக்கொரு கதை சொல்றாங்க, புலியாம், கடத்தலாம். நீ தடயவியல்னு ஒரு பாடம் எடுக்கப் போறியே, அந்த வகுப்புல லாகு லாகுன்னு பதிவைப் பத்தியே பேசி வாத்தியார் உயிரை எடுக்கும்போது இவரை நினைச்சுக்கோ.

உன்கூட ஒரு பையன் வந்தானே, கறுப்புச் சட்டை, தலைமேல முக்காடு. கேமரன் குளிருக்குப் போட்டிருக்கான்னு நினைச்சு நான் சுடுதண்ணி வெச்சுக் கொடுத்தேன். கே.எல். வெயில்லயும் அதைத்தான் போடுவானாமே! கம்ப்யூட்டர்ல காளியை ஏத்தி வெச்சிருக்கேன்னு அவன் சொன்னதும் உன் பாட்டி சூடம் தேடினா. காளி லினக்ஸாம், எந்தப் பூட்டையும் சோதிச்சுப் பாக்க அதுக்குள்ள நூத்துக்கணக்குல கருவி இருக்காம். சரி தம்பி, போன்ல ஒரு பக்கத்தைத் தட்டினா அது எந்த வழியா இங்க வந்து சேருதுன்னு சும்மா கேட்டேன். 'மேகத்துலேருந்து வருது தாத்தா'ன்னான். மேகமா? அது எங்களுக்குத் தெரியாதா? சாயங்காலமானா கூப்பிடாமலே வாசலுக்கு வரும்.

சிரிக்காதே, உனக்கும் சேத்துத்தான் சொல்றேன். கதவு எப்படிச் செய்றாங்கன்னு தெரியாதவன் பூட்டைப் பத்திப் பேசக்கூடாது. நெட்வொர்க்கு, ஆப்பரேட்டிங் சிஸ்டம், டேட்டாபேஸ் எல்லாம் முதல் பட்டத்துல பரீட்சைக்கு முந்தின ராத்திரி படிச்சுத் தப்பிச்சேன்னு நீயே உன் அண்ணன்கிட்ட சொன்னே. லயத்துச் சுவரு மெல்லிசு, எனக்குக் கேட்டுச்சு. அதையெல்லாம் திரும்ப உக்காந்து படி. கணக்கையும் படி. 1977ல ரிவெஸ்ட், ஷமீர், ஏடில்மன்னு மூணு பேர் செஞ்ச பூட்டு இன்னும் உலகத்துல ஓடுதாம். ரெண்டு பெரிய பகா எண்ணைப் பெருக்குறது நிமிஷ வேலை, பெருக்கி வந்ததைத் திரும்பப் பிரிக்கிறதுக்கு ஆயுசு போதாது. அவ்வளவுதான் அதோட சூட்சுமம். அதுக்குக் கறுப்புச் சட்டை தேவைப்படல பாரு.

சான்றிதழ் பரீட்சை எழுதினாலே வேலை கிடைக்குதே, எதுக்கு முதுகலைன்னு உன் மாமன் கேக்குறான். அவன் கேக்குறதுலயும் ஞாயம் இருக்கு. சான்றிதழ் ஒரு கருவியைப் பிடிக்கச் சொல்லித் தரும், கருவி நாலு வருஷத்துல மாறிடும். முதுகலை ஏன்னு கேக்கச் சொல்லித் தரணும். தராத இடமும் உண்டு. பழைய ஸ்லைடைப் போட்டுக் காட்டிட்டுப் பட்டம் கொடுத்து அனுப்பிடுவான். என்னைக் கேட்டா, எங்கேயாவது கொஞ்ச காலம் ராத்திரி ஷிப்டுல உக்காந்து எச்சரிக்கை மணியைப் பாத்துச் சலிச்சுட்டு, அப்புறம் படிக்கப் போன்னு சொல்லுவேன். உங்கப்பன் காதுல மட்டும் இது விழக்கூடாது. விழுந்தா நான் சொல்லவே இல்லேன்னு சத்தியம் பண்ணுவேன்.

இன்னொண்ணு. பூட்டைத் திறக்கத் தெரிஞ்சவ மேல ஊருக்கு எப்பவும் ஒரு கண்ணு இருக்கும். 1997ல இந்த நாட்டுல மூணு பிறந்துச்சு: கம்ப்யூட்டர் குற்றச் சட்டம், கம்ப்யூட்டருக்கு ஆபத்துன்னா ஓடி வர்ற மைசெர்ட்டு, அப்புறம் உனக்குக் கடன் கொடுத்துட்டு மறக்காம ஞாபகப்படுத்துற பிடிபிடிஎன். மூணுமே உன்னை விடாது. அனுமதியில்லாம அடுத்தவன் கம்ப்யூட்டர்ல நுழைஞ்சா 50,000 வெள்ளி வரைக்கும் அபராதம், இல்ல அஞ்சு வருஷம் வரைக்கும் உள்ள, இல்ல ரெண்டும். 'நல்லதுக்குத்தான் சோதிச்சேன்'னு சொன்னா ஜட்ஜு உன் பாட்டி இல்ல, தலையைத் தடவிக் கொடுக்க. ஊடுருவிச் சோதிக்கிற வேலையைத் தொழிலாச் செய்யணும்னா இப்ப 2024 சட்டப்படி லைசென்ஸும் வேணும். வாய்வார்த்தையை நம்பாதே, எழுத்துல வாங்கு.

1988 நவம்பர் 2ஆம் தேதி ராபர்ட் மோரிஸ்னு ஒரு பையன் இணையத்துல ஒரு புழுவை விட்டான். அவனும் உன்னை மாதிரி மேல்படிப்புக்குச் சேந்தவன்தான், கார்னெல் பல்கலைக்கழகத்துல முதல் வருஷம். ஆயிரக்கணக்குல கம்ப்யூட்டர் படுத்துச்சு. சும்மா எண்ணிப் பாக்கத்தான் விட்டேன்னானாம். இதுல வேடிக்கை, அவங்கப்பா அமெரிக்க அரசாங்கத்துல கம்ப்யூட்டர் பாதுகாப்பு நிபுணர்! மூணு வருஷம் நன்னடத்தைக் கண்காணிப்பு, 400 மணி நேரம் சமூக சேவை, அபராதம். பிற்பாடு அவன் எம்.ஐ.டி.யில பேராசிரியர் ஆயிட்டான்கிறது உண்மைதான். நீ அந்தக் கடைசி வரியை மட்டும் படிச்சுட்டுத் துள்ளாதே. அவனுக்கு நல்ல வக்கீல் இருந்தான். உனக்கு இருக்கிறது நான்.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். போன மழைக்காலத்துல எனக்கு ஒரு போன். புக்கிட் அமான்லேருந்து இன்ஸ்பெக்டராம், மலாய்ல கணீர்னு பேசுறான். என் பேர்ல ஒரு பெட்டி பிடிபட்டிருக்காம், உள்ள போதைப்பொருளாம். எத்தனை கிலோன்னு கேட்டேன். மூணுன்னான். 'தண்ணிக் கழிவு போகவா, சேத்தா?'ன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. அப்புறம் குரலை உயர்த்திக் கைது வாரன்ட்டு வந்திருக்குன்னான். 'வாங்கய்யா, வரும்போது ரிங்லெட்டுல நிறுத்தி எனக்கு ரெண்டு மூட்டை உரம் ஏத்திட்டு வாங்க, காடிச் செலவு மிச்சம்'னேன். யார்கிட்டயும் சொல்லாதீங்க, ரகசிய விசாரணைன்னான். நான் உடனே ஸ்பீக்கரைப் போட்டுட்டேன். பாட்டி, பக்கத்து வீட்டுப் பாட்டி, நாய் எல்லாம் வந்து உக்காந்தாங்க. கடைசியா, பாதுகாப்புக் கணக்குன்னு ஒண்ணு இருக்கு, உங்க பேங்குப் பணத்தையெல்லாம் அதுக்கு மாத்துங்கன்னு கேட்டான். எவ்வளவு இருக்குன்னு உள்ளதைச் சொன்னேன். அவனே வெச்சுட்டான்.

லயம் பூரா இதைச் சொல்லிச் சிரிக்குது. நீயும் சிரி. சிரிச்சு முடிச்சுட்டு ஒண்ணைக் கவனி. நான் தப்பிச்சதுக்குப் பாதிக் காரணம், என்கிட்ட எடுக்க ஒண்ணும் இல்ல. இதே மாதிரி போனுக்கு, பள்ளிக்கூடத்துல பாடம் நடத்தி ஓய்வெடுத்தவங்க, ஆயுசு முழுக்க ஈபிஎஃப்ல சேத்த காசை அனுப்பிட்டு வெளியே தலைகாட்டாம கிடக்காங்க. அவங்க முட்டாள் இல்ல. அதிகாரி பேசினா எழுந்து நிக்கணும்னு வளந்தவங்க. கல்யாணப் பத்திரிகைன்னு வாட்ஸ்அப்புல ஏபிகேன்னு திருட்டுக் கோப்பு வந்தாத் திறந்து பாக்குறது, சொந்தக்காரங்க மேல பிரியம் உள்ளவங்கதான். அந்தப் பிரியத்தையும் மரியாதையையும் அழிச்சுட்டா அப்புறம் எதைப் பாதுகாக்கப் போறே?

உன் துறைக்காரங்க டிவியில வந்து, 'பொதுமக்கள் விழிப்பா இருக்கணும்'னு சொல்லிட்டுப் போயிடுறாங்க. எனக்கு அதைக் கேட்டா எரியும். கிழவன் நாள் முழுக்க விழிப்பா இருக்கணும்னா, நீங்க எதுக்குச் சம்பளம் வாங்குறீங்க? 2022 செப்டம்பர்ல பேங்க் நெகாரா உருப்படியா ஒரு காரியம் பண்ணுச்சு. எஸ்எம்எஸ்ல ஓடிபி எண் அனுப்புறதை விட்டு வேற வழிக்குப் போங்க, புதுக் கருவியில முதல்ல பதிஞ்சா கொஞ்ச நேரம் பணம் நகராம நிறுத்தி வையுங்கன்னு பேங்குகளுக்குச் சொல்லுச்சு. அது வேலை. நான் பயந்துபோய்ப் பொத்தானை அமுக்கிட்டாலும், பேரன் வந்து கேக்குற வரைக்கும் காசு அங்கேயே நிக்கணும். மறுநாள் புத்தி தெளிஞ்சு 997க்குப் போன் பண்ணினா திரும்பி வரணும். நீ அப்படிப்பட்ட பூட்டைச் செய்யப் படிக்கிறியா, இல்ல ஏமாந்தவங்களைப் பாத்து உச்சுக் கொட்டப் படிக்கிறியா? போறதுக்கு முன்னால அதை மட்டும் எனக்குச் சொல்லிட்டுப் போ.

சின்ன அசட்டுத்தனத்தையும் இளக்காரமா நினைக்காதே. 2016 பிப்ரவரியில வங்காளதேச மத்திய வங்கிப் பணம் நியூயார்க்குல இருந்ததைக் கிட்டத்தட்ட 95 கோடி டாலர் அடிக்கப் பாத்தாங்க. ஒரு நாட்டுக்கு வெள்ளிக்கிழமை லீவு, இன்னொண்ணுக்கு சனி ஞாயிறு, பிலிப்பீன்ஸுல சீனப் பெருநாள்; லீவைக் கோத்துத் திட்டம் போட்டிருக்காங்க. 8 கோடியே 10 லட்சம் போயிடுச்சு. இலங்கைக்கு அனுப்பின 2 கோடி வழியிலேயே நின்னுச்சு. காரணம், ஃபவுண்டேஷன்கிற வார்த்தையைத் தப்பா எழுதியிருந்தான். நம்ம தமிழ்ப் பள்ளி வாத்தியார்கிட்ட அடி வாங்கியிருந்தா அதையும் சரியா எழுதித் தொலைச்சிருப்பான். 2025 மார்ச்சுல நம்ம கேஎல்ஐஏ விமான நிலையத்துல கம்ப்யூட்டரை முடக்கி ஒரு கோடி டாலர் கேட்டாங்கன்னும் கொடுக்க முடியாதுன்னு சொல்லிட்டோம்னும் பிரதமரே சொன்னாரே. அப்ப விமான நேரத்தை வெள்ளைப் பலகையில கையால எழுதி வெச்சிருந்த படத்தைப் பாத்தேன். எனக்குக் கேவலமாத் தெரியல. எழுத ஒரு பலகையும் எழுதத் தெரிஞ்ச ஒரு ஆளும் இருந்தாங்களே.

ஆராய்ச்சிக்குத் தலைப்புத் தேடுறியாமே. என் கட்டைவிரலை எடுத்துக்கோ. 2001ல வந்த மைகார்டு, சில்லுக்குள்ள ரெண்டு கட்டைவிரல் ரேகையும் இருக்கு. ஒரு கவுண்டர்ல விரலை வையுங்கன்னாங்க, வெச்சேன். சிவப்பு லைட்டு. துடைச்சு வெச்சேன், ஊதி வெச்சேன். நான் நானில்லேன்னு மெஷின் சொல்லுது. கொழுந்துக் கறையும் கவாத்துக் கத்தியும் தேய்ச்ச விரல்ல ரேகை எங்க இருக்கும்? அந்த மெஷினைச் செஞ்சவன் ஆபீசுல உக்காந்தவன் விரலை வெச்சுத்தான் சோதிச்சிருப்பான். நாம யாருன்னு காட்டுறது நமக்குப் புதுசில்ல. சுதந்திரத்துக்கு அப்புறம் தாளை நிரப்பித் தர ஆளில்லாம சிவப்பு அட்டையோட நின்ன ஜனம் தோட்டத்துக்குத் தோட்டம் இருந்துச்சு. 1969ல வேலைக்குப் பெர்மிட்டு வேணும்னதும் ஆயிரக்கணக்குல பேர், இங்கேயே பிறந்த புள்ளைங்களோட கப்பல் ஏறினாங்க. என் தங்கச்சி வீட்டுக்காரர் குடும்பமும் அதுல ஒண்ணு. அதனால, 'அடையாளம் உறுதியாகவில்லை'ன்னு ஒரு மெஷின் சொல்ல வைக்கிறதுக்கு முன்னால, எதிர்ல நிக்கிற ஆள் அடுத்து என்ன பண்ணுவான்னு ரெண்டு வரி யோசிச்சு எழுது. உன் பேராசிரியர் மார்க்குக் கொடுக்கலேன்னா என்கிட்ட கூட்டிட்டு வா, விரலைக் காட்டுறேன்.

கடைசியா நம்ம வீட்டுப் பூட்டு. குரலையே நகல் எடுத்து, 'தாத்தா, ஃபீஸு கட்டணும், அவசரம்'னு உன்னை மாதிரியே அழுவானுங்களாம் இப்ப. அதனால பணம் கேட்டு நீ போன் பண்ணினா நான் ஒரு கேள்வி கேப்பேன்: எங்க கல்யாணப் பந்தியில எது தீர்ந்துபோச்சு? அப்பளம்னு இந்த மலைக்கே தெரியும், பாட்டி சொல்லாத ஆள் கிடையாது. தெரியட்டும். 1883லயே கெர்க்காஃப்ஸ்னு ஒருத்தர் எழுதி வெச்சிட்டாராமே, பூட்டோட அமைப்பு எதிரிக்குத் தெரிஞ்சாலும் பரவாயில்ல, சாவி மட்டும் நம்மகிட்ட இருந்தாப் போதும்னு. சாவியா ஒரு பொய்ப் பதில் வெச்சிருக்கேன். தீபாவளிக்கு வரும்போது கொல்லைப்பக்கம் கூட்டிட்டுப் போய்க் காதுல சொல்றேன். பாட்டிக்குத் தெரிய வேணாம், சாயங்காலத்துக்குள்ள பிரிஞ்சாங் பசார் வரைக்கும் போயிடும். போன்ல நீ எவ்வளவு தேம்பி அழுதாலும் சரி, அப்பளம்னு உண்மையைச் சொன்னே, நான் வெச்சுடுவேன். கோவிச்சுக்காதே.